அச்சமும் அவசரமும்
முதியோரைக் குறிவைக்கும் தொலைபேசி வஞ்சகம்

முன்னுரை

சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மடல் வந்தால், எழுத்தறியாத நம் பாட்டிமார் அதனைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பர். திண்ணையில் அமர்ந்து நால்வர் கேட்க அம்மடல் படிக்கப்படும். அதில் ஐயத்திற்குரியது ஏதேனும் இருப்பின், கேட்பவருள் ஒருவரேனும் அதனைச் சுட்டிக்காட்டுவார். இன்று மடலின் இடத்தைக் கைபேசி பெற்றுவிட்டது. மகன் சபரில் இருக்கின்றான். மகள் வேற்றூரில் வாழ்கின்றாள். செய்தியோ நேராக முதியவரின் செவிக்கே வருகின்றது. உடனிருந்து கேட்பார் எவருமிலர். இத்தனிமையையே வஞ்சகர் தம் வாணிகத்திற்கு முதலாகக் கொள்கின்றனர். இவ்வஞ்சகத்தின் இயல்பையும், அதனின்று நம் பெரியோரைக் காக்கும் வழிகளையும் ஈண்டு ஆராய்வோம்.

மோசடி அழைப்பின் உறுப்புகள்

அழைப்புகள் பல வேடங்களில் வரினும், அவற்றின் உறுப்புகள் நான்கேயாம். முதலாவது அதிகாரம்: பேசுபவர் தம்மைக் காவல் அதிகாரி என்றோ, வங்கி மேலாளர் என்றோ கூறிக்கொள்வார். இரண்டாவது அச்சம் அல்லது ஆசை: கணக்கு முடக்கப்படும் என்பார், அல்லது பரிசு விழுந்தது என்பார். மூன்றாவது அவசரம்: இன்னும் அரைமணி நேரமே உள்ளது என்பார். நான்காவது இரகசியம்: எவரிடமும் சொல்லாதீர் என்பார். இந்நான்கனுள் கொடியது இறுதியானதே. முதல் மூன்றும் மனத்தைக் கலக்குவன. நான்காவதோ, கலங்கிய மனத்தைத் தெளிவிக்கக்கூடிய உறவினரை அகற்றிவிடுவது.

அழைப்பின் வேடங்கள்

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ்வுச் சான்று அளிப்பது வழக்கம். 2014-ஆம் ஆண்டு முதல் இதனை மின்னணு முறையிலும் அளிக்கலாம். இதனை அறிந்த வஞ்சகர், சான்றினைத் தாமே புதுப்பித்துத் தருவதாகக் கூறி, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்கின்றனர். வேறு சிலர், பணம் அனுப்புவதாகச் சொல்லி யுபிஐ இரகசிய எண்ணை அழுத்தச் சொல்கின்றனர். பணம் பெறுவதற்கு அவ்வெண் வேண்டியதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். இவ்வொரு செய்தியை வீட்டுப் பெரியோர் மனத்தில் பதித்துவிட்டால், பல வஞ்சகங்கள் வாயிலிலேயே நின்றுவிடும்.

திருமண அழைப்பிதழ் என்றும், வங்கிச் செயலி என்றும் பெயரிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் கோப்புகளும் உண்டு. அவற்றைத் திறந்து நிறுவினால், கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் பிறர் கைக்குச் சென்றுவிடும். வெளிநாட்டிலுள்ள மகன் விபத்தில் சிக்கினான் என அழுகுரலோடு வரும் அழைப்பும் உண்டு. ஒருவர் பேசிய சிறு பதிவைக் கொண்டே அவர் குரலைக் கணினியால் போலியாக அமைக்க இயலும் காலம் இது. ஆதலின் குரலை மட்டுமே சான்றாகக் கொள்ளலாகாது.

‘டிஜிட்டல் கைது’ என்னும் பொய்

இவற்றுள் மிகக் கொடியது ‘டிஜிட்டல் கைது’ எனப்படுவது. தனியே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் பெயரில் வந்த பொதியில் போதைப்பொருள் இருந்ததென ஓர் அழைப்பு வருகின்றது. அடுத்துக் காணொளியில் சீருடை அணிந்தவர் தோன்றுகின்றார். நீதிமன்ற முத்திரையிட்ட போலி ஆணை காட்டப்படுகின்றது. கேமராவை அணைக்கவோ, அறையைவிட்டு வெளியேறவோ கூடாதென மிரட்டுகின்றனர். சேமிப்பு முழுவதையும் ‘சரிபார்ப்புக்காக’ ஒரு கணக்கிற்கு மாற்றச் சொல்கின்றனர். வாழ்நாள் முழுதும் சட்டத்திற்கு அஞ்சி நடந்த அவரது நற்பண்பே அவருக்கு எதிரான கருவியாகின்றது.

இந்தியச் சட்டத்தில் இத்தகைய கைது இல்லவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்யும் காவலர் கைதுக் குறிப்பாணை எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்பிற்குரியவர் ஒருவரோ அதில் சான்றொப்பமிடச் செய்தல் வேண்டும். சட்டம் உறவினரைச் சாட்சியாக அழைக்கின்றது. வஞ்சகனோ உறவினரை விலக்குகின்றான். உண்மையையும் பொய்யையும் பிரித்தறிய இவ்வொரு வேறுபாடே போதும். 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இம்மோசடி குறித்து எச்சரித்தார். அரியானா மாநிலத்து முதிய தம்பதியர் இழப்பையொட்டி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டது.

மாணவர்க்கு ஒரு சொல்

பறிக்கப்படும் பணம் நேரே வஞ்சகன் கணக்கிற்குச் செல்வதில்லை. பிறர் பெயரிலுள்ள பல கணக்குகள் வழியே சிதறிச் செல்கின்றது. அக்கணக்குகளைச் சிறு தொகைக்கு வாடகைக்கு விடுவோருள் கல்லூரி மாணவரும் உளர் என்பது வருந்தத்தக்கது. கணக்குப் புத்தகத்தையும் பற்று அட்டையையும் சிம் அட்டையையும் பிறரிடம் ஒப்படைப்பவர் குற்றத்திற்கு உடந்தையாவார். யாரோ ஒரு பாட்டியின் மருத்துவச் செலவுப் பணம் அவர் கணக்கின் வழியே கடந்து செல்கின்றது என்பதை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலும், வெளிநாட்டில் கணினி வேலை என்னும் ஆசைவார்த்தையால் அழைத்துச் செல்லப்பட்டு, இத்தகைய மோசடிகளைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டோரும் உண்டு. 2022-இல் மியான்மரில் அவ்வாறு சிக்கி மீட்கப்பட்ட இந்தியருள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர்.

இல்லத்தின் கடமை

‘தெரிந்து தெளிதல்’ எனத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் ஒருவரை நம்புதல் தீராத் துன்பம் தரும் என்பது அதனுள் அவர் கருத்து. தீயவன் ஒரு செய்தி கொண்டுவரின் அதனைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கின்றது. விசாரித்தல் அவமரியாதை அன்று, அது கடமை. ஆகவே, ‘என் மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்று கூறி இணைப்பைத் துண்டிக்க நம் பெரியோரைப் பழக்குவோம். பின்னர் வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கோ, மகனின் பழைய எண்ணுக்கோ நாமே அழைத்து உண்மை அறிதல் வேண்டும். குடும்பத்தார் மட்டுமே அறிந்த ஓர் அடையாளச் சொல்லை முன்னரே வகுத்துக்கொள்வதும் நன்று.

பணம் பறிபோயின் கணமும் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். பணம் கைமாறிச் செல்லும் முன்னரே புகார் சென்றால், இடைப்பட்ட வங்கிகளில் அதனை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவ்வாய்ப்பைக் குறைக்கின்றது. இவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டிவைப்போமாக. முதியோர்க்கான 14567 என்னும் உதவி எண்ணும் உண்டு.

எனினும் எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. ஏமாந்த முதியவர் பலர் அதனை வெளியில் சொல்வதில்லை. காரணம், பணம் போன துயரினும் பிள்ளைகள் ஏசுவரே என்னும் நாணம் பெரிது. ‘இவ்வளவு வயதாகியும் அறிவில்லையா வாப்பா?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த அழைப்பை அவர் நம்மிடம் சொல்லப் போவதில்லை. அப்போது வஞ்சகன் கேட்ட இரகசியத்தை நாமே அவனுக்குக் காத்துக் கொடுத்தவராகின்றோம். முதுமையடைந்த பெற்றோரைக் கடிந்துரைப்பதை இறைமறை விலக்கியிருப்பது ஒழுக்கம் மட்டுமன்று. இல்லத்தின் காவலும் அதுவே.

முடிவுரை

கைபேசியைப் பெரியோரிடமிருந்து பறித்துக்கொள்வது தீர்வாகாது. சபரிலுள்ள மகனின் முகத்தை அவர்கள் காண்பதும் அதன் வழியேதான். வேண்டுவது, திண்ணையில் மடல் படித்த பழைய வழக்கத்தை மீட்பதே. நாள்தோறும் சிறிது நேரம் அவர்களுடன் அமர்ந்து, ‘இன்று யார் யார் அழைத்தார்கள் உம்மா?’ என்று கேட்போம். அவர்கள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்போம். கேட்பார் உள்ள இல்லத்தில் வஞ்சகனின் இரகசியம் நிலைபெறாது.