பாடவேளையில் உழைப்பது யார்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்துக் களமருதூர்ப் பக்கமோ, மேற்கே கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமோ ஒரு தொடக்கப் பள்ளியில் 4, 5ஆம் வகுப்புகள் உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் 1 முதல் 3 வரை எடுத்துக்கொண்டால், மற்றவருக்கு 4-ம் 5-ம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று வகுப்புக்கு ஐந்து பாடம். ஆக மொத்தம் பத்துப் புத்தகம், ஒரே அறை, ஒரே தொண்டை.

இந்த நிலைமையில் பிரமாதமாக விளக்கத் தெரிந்தவரைவிட, பிள்ளைகளை வேலை செய்ய வைக்கத் தெரிந்தவரே கரை சேருகிறார். ஒவ்வொரு பாடவேளை முடியும்போதும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இவ்வளவு நேரம் அதிகம் உழைத்தது நானா, பிள்ளைகளா? 'நான்தான்' என்று பதில் வரும் நாளெல்லாம், நாளைக்கு ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும். எதை மாற்றலாம் என்பதற்குச் சில யோசனைகள்.

முதல் வாரம்: பாடத்துக்கு முன் கணக்கெடுப்பு

ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை வாசித்துவிடும் என்று நம்பி ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார வையுங்கள். மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடமாக இருக்கட்டும். வாசிப்புக்கு நான்கு படி போதும்: சில எழுத்துகள், சில சொற்கள், நாலு வரியில் ஒரு பத்தி, ஒரு சின்னக் கதை. கணக்கில் ஈரிலக்க எண்ணைப் படிப்பது, கடன் வாங்கிக் கழிப்பது, மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பது. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் 'அசர்' ஆய்வுக்குப் பிரதம் அமைப்பு வீடு வீடாகக் கொண்டுபோகும் தாளும் ஏறக்குறைய இதுதான்.

கிடைத்த விவரத்தை ஒரே தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். தினம் ஒரு பாடவேளை மட்டும் வகுப்பு வித்தியாசம் பார்க்காமல், நிலையைப் பார்த்துக் குழு பிரியுங்கள். பிரதம் பல மாநிலங்களில் நடத்திய இந்த முறையின் பலனை அளந்து பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உண்டு. 2019-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள். நம் மாநிலத்தில் 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, 2023-24-ல் 4, 5-க்கும் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததற்கும் காரணம், பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து சொல்லித்தருவதே.

ஒரு எச்சரிக்கை. மாதம் ஒருமுறை குழுவைக் கலைத்துப் போடுங்கள். ஆண்டு முழுக்க ஒரே குழுவில் கிடக்கும் பிள்ளை, 'நான் மக்கு' என்று தானே முடிவு கட்டிக்கொள்ளும்.

இரண்டு வகுப்பு, ஒரு கடிகாரம்

ஒரு பாடவேளையை மூன்றாக வெட்டுங்கள். முதல் பத்து நிமிடம் இரு வகுப்புக்கும் பொது. அடுத்த கால் மணி நேரம் 4ஆம் வகுப்பு உங்களோடு, 5ஆம் வகுப்பு தானாக. அதன்பின் மாற்றிப் போடுங்கள். இரு வகுப்புப் புத்தகத்திலும் அளவைகள், பின்னம், நீர் என்று ஒரே பொருள் வரும் பாடங்களை ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டால் அந்தப் பொதுவான பத்து நிமிடம் வீண் போகாது.

'தானாக' என்பதில்தான் பலருக்கும் சறுக்குகிறது. புதிய பாடத்தைக் கொடுத்துவிட்டு 'நீங்களே படிங்க' என்றால் இரண்டாவது நிமிடமே ஒரு வரிசை உங்கள் மேசைக்கு வந்து நிற்கும். ஏற்கெனவே தெரிந்ததைப் பழகும் வேலையை மட்டும் தனிவேலையாகக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவர், அடுத்து குழுத் தலைவர், கடைசியாக டீச்சர். இந்த வரிசையை ஜூன் மாதத்திலேயே விளையாட்டுப்போலப் பழக்கிவிட்டால் ஏப்ரல் வரை உதவும். சீக்கிரம் முடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டியில் புதிர் அட்டைகளும் கதைப் புத்தகங்களும் இருக்கட்டும்.

இது நடக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் அனுபவத்தைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுக்கப் பரவியது. ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து, தன் அடுத்த அட்டையைத் தானே எடுத்து வரும் ஏழு வயதுப் பிள்ளைகளை அந்த நாளில் எல்லோரும் பார்த்தோம். அட்டைகள் போய்விட்டாலும் அதிலிருந்து ஒரு பாடம் மிச்சம்: அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு நாம் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டால் வாயை மூடுங்கள்

கேள்வி கேட்ட ஒரு விநாடியிலேயே பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம், அல்லது முதலில் தூக்கிய கைக்குக் கொடுத்துவிடுகிறோம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது கண்டதும் இதையே. மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். கை தூக்க வேண்டாம், எல்லோரும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். யார் எங்கே இடறுகிறார் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

தப்பான விடை வந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை எந்த வகுப்பிலும் உண்டு.

"எப்படிப்பா 35 வந்துச்சு?"

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு சார். அஞ்சுல ரெண்டு போனா மூணு."

பிள்ளைக்குக் கழிக்கத் தெரிகிறது. எந்த எண் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று ஒரு விதியைத் தானே செய்துவைத்திருக்கிறது. இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் பத்திலும் அதே விதிதான் வரும். 'சரி, 35-ஐயும் 27-ஐயும் கூட்டிப் பாரு' என்று சொல்லுங்கள். 62 வந்ததும் முகம் மாறும். பிறகு ஐந்து கட்டு ஈர்க்குச்சியும் இரண்டு தனிக்குச்சியும் கையில் கொடுங்கள். ஏழு குச்சி எடுக்க ஒரு கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும். 'கடன் வாங்குவது' என்றால் என்ன என்று நீங்கள் விளக்க வேண்டிய வேலையை அந்தக் கட்டே முடித்துவிடும்.

மூட்டைக் கணக்கு

உளுந்தூர்பேட்டை மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை என்றால் 75 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. விலையோ குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. அறுவடைக் காலத்தில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்த மூன்று சொல்லும் காதுக்குப் பழக்கம், மூன்றுக்கும் உள்ள தொடர்பு மட்டும் தெரியாது. கரும்பலகையில் எழுதுங்கள்:

குவிண்டால் 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 75 கிலோ மூட்டைக்கு எவ்வளவு? 40 கிலோ சிப்பத்துக்கு எவ்வளவு?

4ஆம் வகுப்பு 1 கிலோவுக்கு 24 ரூபாய் என்று கண்டுபிடித்துப் பெருக்கட்டும். 5ஆம் வகுப்பு, 75 கிலோ என்பது குவிண்டாலில் முக்கால் பங்கு என்று பின்னத்தில் போகட்டும். இரண்டு வழியிலும் மூட்டைக்கு 1,800, சிப்பத்துக்கு 960. யாருடைய வழி சுருக்கம் என்று அவர்களே வாதாடட்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மேலும் ஒரு கேள்வி: மூட்டையாகக் கட்டினாலும் சிப்பமாகக் கட்டினாலும் மிச்சமில்லாமல் முடிய, குறைந்தது எத்தனை கிலோ நெல் வேண்டும்? விடை 600 கிலோ, அதாவது 8 மூட்டை அல்லது 15 சிப்பம். மீச்சிறு பொது மடங்கு என்ற பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

நாளிதழில் வரும் கமிட்டி விலைப்பட்டியலை வெட்டி ஒட்டிவைத்தால் உளுந்து, எள், மணிலா என்று ஒரு மாதத்துக்குக் கணக்கு கிடைக்கும். மலையில் இருப்பவர்கள் சாமை, கடுக்காய், மரவள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 'உங்க வீட்ல எத்தனை ஏக்கர்?' என்று மட்டும் கேட்காதீர்கள். பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா அந்த நெல்லைக் கூலிக்கு அறுத்தவர்களாக இருப்பார்கள்.

தினம் கால் மணி நேர வாசிப்பு

ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். எழுத்துக் கூட்டச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரமிருக்காது. ஆகவே எந்தப் பாடம் விட்டுப்போனாலும் வாசிப்பு விடக் கூடாது. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் வருகின்றன. 4, 5ஆம் வகுப்புக்கென்றே 'ஊஞ்சல்' இதழ் இருக்கிறது. பீரோவில் பூட்டிவைக்காமல் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

இருவர் இருவராக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பத்தி சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் தினம் நான்கு ஜோடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதை மட்டும் கொடுங்கள். பிறகு மூன்று வாக்கியம் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை மட்டும், இன்றைக்கு ல, ள, ழ என்றால் அதோடு நிறுத்துங்கள். நோட்டு முழுக்கச் சிவப்பு மை கொட்டினால் மறுநாள் ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார்கள். மலைப் பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் ஒரு சொல்லைச் சொன்னால், அதைப் பலகையில் எழுதி, பக்கத்தில் புத்தகச் சொல்லையும் எழுதுங்கள். வாயைத் திருத்தப் போனால் வாயே திறக்காது.

ஊரே ஆய்வுக்கூடம்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ல். அதுவரை அது இருந்த விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-ல். அதற்கு முன் இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டம். தாத்தா, அம்மா, தான், தம்பி என்று ஒவ்வொருவரும் பிறந்தபோது ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று வீட்டில் கேட்டு, பழைய காகிதங்களில் பார்த்து வரச் சொல்லுங்கள். காகிதத்தைக் கொண்டுவர வேண்டாம், குறித்து வந்தால் போதும். ஒரே வீட்டில் மூன்று மாவட்டம் கிடைக்கும். வரலாற்றுக்குச் சான்று என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

அறிவியலுக்கு ஒரு கைப்பிடி உளுந்து போதும். மூன்று தட்டு: ஈரத்துணியில் ஒன்று, காய்ந்த துணியில் ஒன்று, ஈரத்துணியோடு இருட்டுப் பெட்டியில் ஒன்று. எது முளைக்கும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வையுங்கள். இருட்டிலும் முளை விடும்போது வகுப்பே எழுந்து நின்று சண்டை போடும். அந்தச் சண்டையை நீங்கள் தீர்க்காமல், அடுத்த சோதனையை அவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள்.

வராத பிள்ளை

அப்பா அம்மா வெளியூர் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும் பிள்ளைகள் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. திரும்பி வரும்போது 'இவ்வளவு நாள் எங்க போன?' என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். விட்டுப்போன பாடங்களில் எதைத் தெரியாமல் அடுத்ததற்குப் போக முடியாதோ அதை மட்டும் ஒரு தாளில் எழுதி, நன்றாகச் சொல்லித்தரும் ஒரு பிள்ளையை ஒரு வாரத்துக்குக் கூட்டு சேர்த்துவிடுங்கள். சொல்லித்தரும் பிள்ளைக்கும் பாடம் ஊறும்.

2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு உண்டு. சாப்பிட்டு முடித்து மணி அடிப்பதற்குள் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம், விடுபட்ட பிள்ளையோடு உட்கார நல்ல நேரம்.

பிரம்பைப் பற்றி ஒரு வரி. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. கை கொட்டும் ஒரு தாளம், நீங்கள் இரண்டு தட்டினால் அவர்கள் மூன்று தட்டி அமைதியாவது, பிரம்பைவிடச் சீக்கிரம் வேலை செய்யும்.

பதிவேடு, பார்வை, கூட்டம்

பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுகளுக்கு ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்குங்கள். நெட்வொர்க் கிடைக்காத மலைப் பள்ளி என்றால் தாளில் எழுதிவைத்துக்கொண்டு மொத்தமாக ஏற்றலாம். வகுப்பு நடுவே போனை எடுத்தால் அந்தப் பாடவேளை போச்சு. வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது சுவர் அலங்காரத்தைவிட, ஒரே பிள்ளையின் ஜூன் நோட்டையும் செப்டம்பர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், 'என் வகுப்பில் வகுத்தலில் இந்த இடத்தில் நிற்கிறார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று. பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரிடம் நன்கொடை மட்டும் கேட்காதீர்கள். தச்சு வேலை, நெசவு, மார்க்கெட் வேலை தெரிந்த ஒருவரை அரை மணி நேரம் வகுப்புக்குக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்கினால் புதன்கிழமை கைவிடுவீர்கள். கணக்கெடுப்பும் கால் மணி நேர வாசிப்பும் முதலில். அவை பழகியபின் சிலேட்டுக் கேள்வி, அதன்பின் மூன்றாக வெட்டிய பாடவேளை.

தினமும் மாலை மணி அடித்ததும் பெயர்ப் பட்டியலை எடுங்கள். இன்றைக்குக் குரலையே கேட்காத மூன்று பிள்ளைகளின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். நாளைக்கு முதல் கேள்வி அந்த மூவருக்கு.