சான்றோடு பேசும் கட்டுரை



'மரம் வளர்ப்போம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதுவது எளிது. அதை மறுப்பவர் எவருமில்லை. ஆனால், இரு வேறு கருத்துகள் நிலவும் ஒரு பொருளில் ஒரு பக்கத்தை ஏற்று, மாற்றுக் கருத்துடையவரும் இணங்கும்படி எழுதுவது தனிக்கலை. இதனை நிலைப்பாட்டுக் கட்டுரை என்பர். இதற்கு அழகிய சொற்கள் மட்டும் போதா, சான்றுகள் வேண்டும். மருத்துவ வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் நகரைக் காலரா பலமுறை தாக்கியது. கெட்ட காற்றினால் அந்நோய் பரவுகிறது என்றே மருத்துவர் பலரும் நம்பினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவரோ, அது குடிநீர் வழியே பரவுகிறது என்று 1849-ஆம் ஆண்டில் ஒரு சிறுநூல் எழுதினார். கருத்து சரியானதே. ஆயினும் போதிய சான்று இல்லாமையால் பலர் அதனை ஏற்கவில்லை.

1854 ஆகஸ்டு இறுதியில், சோகோ பகுதியிலுள்ள பிராடு தெருவைச் சுற்றிக் காலரா திடீரெனப் பரவியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இம்முறை ஸ்நோ வீடு வீடாகச் சென்று விசாரித்தார். அவர் வாதிட்ட முறையில் நமக்கு நான்கு பாடங்கள் உள்ளன.

1. கருத்தைத் தெளிவாகச் சொல்லுதல்: 'அத்தெருவின் அடிகுழாய் நீரே இந்நோய்க்குக் காரணம்.' ஒரே வாக்கியம், ஐயத்திற்கு இடமில்லை.

2. எண்ணிச் சொல்லுதல்: தொடக்கத்தில் பதிவான 83 இறப்புகளை அவர் ஆராய்ந்தார். 73 பேர் அக்குழாயின் அருகில் வாழ்ந்தவர்கள். அவர்களுள் 61 பேர் அந்நீரைப் பருகியவர்கள் என்று விசாரணையில் தெரிந்தது. 'பலர் இறந்தனர்' என்பதைவிட இவ்வெண்கள் வலிமையானவை அல்லவா?

3. எதிராகத் தோன்றுவதை மறைக்காமை: இதுவே தலையாய பாடம். குழாயின் அருகிலேயே இருந்த மதுவடிசாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தும், ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. ஏன்? அவர்கள் அங்குக் காய்ச்சிய பீரையே பருகினர், தெருக்குழாயை நாடவில்லை. அருகிலிருந்த ஏழையர் இல்லத்தில் 535 பேர் இருந்தும் ஐவரே மாண்டனர். அங்குத் தனிக் கிணறு இருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு கைம்பெண்ணும் மாண்டார். அவர் அக்குழாய் நீரின் சுவையை விரும்பி, வண்டியில் வரவழைத்துப் பருகி வந்தவர்! எதிர்ச்சான்றாகத் தோன்றியவை ஆராய்ந்தபின் பெருஞ்சான்றுகளாயின. பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்துப் பின்னர்க் களைவதை, நூலுக்குரிய ஏழு மதங்களுள் ஒன்றாக நன்னூலும் கூறுகிறது.

4. அளவு மீறாமை: செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. 'என்னால் நோய் ஒழிந்தது' என்று ஸ்நோ பெருமை பேசவில்லை. மக்கள் ஊரைவிட்டு ஓடியதால் நோய் முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதைத் தம் நூலில் அவரே எழுதினார். தமக்குச் சாதகமில்லாததையும் சொல்பவரை நாம் எளிதில் நம்புகிறோம்.

அப்பகுதியில் பணியாற்றிய ஆங்கிலிக்கன் குருவானவர் ஹென்றி வைட்ஹெட், ஸ்நோவின் கருத்து தவறென்று எண்ணித் தாமே விசாரணையில் இறங்கினார். முடிவில், ஸ்நோ கூறியதே சரியென்று மனமாரக் கூறினார். மறுக்க வந்தவரையே துணைவராக்கியது சான்று! அதுபோலவே, உண்மை தம் எண்ணத்திற்கு மாறாக இருந்தபோதும் அதனை ஏற்ற குருவானவரின் நேர்மையும் போற்றத்தக்கது. ஸ்நோ 1858-இல் மறைந்தார். 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்த இராபர்ட் காக், காலராக் கிருமியை உறுதியாகக் கண்டறிந்தார்.

மாணவியரே! 'பள்ளி நூலகம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும்' என்று நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம். ஒரு வாரத்தில் எத்தனை பேர் இடமின்றித் திரும்பினர் என எண்ணுங்கள். பேருந்தைப் பிடிக்க ஓடும் தோழியரையும் கேளுங்கள். நூலகப் பொறுப்பாளரின் இடர்ப்பாட்டையும் அறியுங்கள். அவற்றிற்கு விடை கண்டபின் எழுதுகோலை எடுங்கள். கேள்விப்பட்டதைச் சான்றாக்காதீர்கள், ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு ஊரையே அளவிடாதீர்கள்.

வாதத்தில் வெல்வது பெரிதன்று. உண்மையை வெல்லச் செய்வதே பெரிது. அத்தகைய எழுத்து உங்கள் கைகளிலிருந்து பிறக்கட்டும்!