களிமண்ணிலிருந்து அலுமினா

பால் வாளியாகவும் சோற்றுப் பானையாகவும் நம் கையில் புழங்கும் அலுமினியம் மண்ணில் உலோகமாகக் கிடைப்பதில்லை. முதலில் அலுமினா என்னும் வெள்ளைப் பொடியைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 2 டன் அலுமினா தேவை.

இதற்கு உலக ஆலைகள் பெரும்பாலும் நாடுவது பாக்சைட் என்னும் செந்நிறத் தாதையே. அதனால் விளையும் தொல்லையைக் குவாந்தான் வட்டார மக்கள் நன்கறிவர். 2015ஆம் ஆண்டில் லாரிகள் இறைத்த செம்புழுதி வீடுகளில் படிந்தது, கடலோரமும் சிவந்தது. 2016 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்ட அகழ்வுக்கு 2019 மார்ச்சு வரை தடை நீடித்தது. சரவாக்கின் சாமாலாஜூ உருக்காலைக்கு வேண்டிய அலுமினாவோ வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வருகிறது.

பேராவில் தாப்பா, பீடோர் பகுதிகளில் கயோலின் என்னும் வெண்களிமண் உண்டு. தூய கயோலினில் நூற்றுக்கு 39.5 பங்கு அலுமினாவாகும். அதனை ஏன் பயன்படுத்தலாகாது? இடையூறாக நிற்பது, அதிலுள்ள 46.5 பங்கு சிலிக்கா. பாக்சைட்டைக் கரைக்கப் பயன்படும் காஸ்டிக் சோடா இந்தச் சிலிக்காவோடு சேர்ந்து புதியதொரு திண்மமாகி, அலுமினாவையும் சோடாவையும் வீணாக்கிவிடும். அமிலமோ சிலிக்காவைக் கரைப்பதில்லை.

ரப்பர்ப் பாலில் பார்மிக் அமிலம் விட்டால் ரப்பர் உறைந்து நீர் ஒதுங்கக் காண்கிறோம். இங்கே நிகழ்வது அதற்கு நேர்மாறு: வேண்டிய பொருள் நீரில் கரைந்து வர, வேண்டாதது வண்டலாய் நிற்கிறது.

பச்சைக் களிமண் அமிலத்துக்கு எளிதில் இணங்காது. ஏறத்தாழ 700 டிகிரி செல்சியசில் வறுத்தால் உள்ளடங்கிய நீர் வெளியேறி அதன் கட்டமைப்பு குலைகிறது. ஆயிரம் டிகிரியை நெருங்கவிட்டாலோ மண் மீண்டும் இறுகி அமிலத்தை எதிர்க்கும். ஆகவே சூளையின் சூட்டைக் காப்பதே இத்தொழிலின் நுட்பம் எனலாம். வறுத்த மண்ணைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து வடிகட்டுவர். வடிநீரில் இரும்பும் கலந்திருக்கும். அதனுள் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் அலுமினியக் குளோரைடு படிகமாகப் படியும். இரும்பு நீரிலேயே தங்கும். படிகத்தைச் சுட்டால் அலுமினா எஞ்சும். வெளியேறும் அமில வாயுவைப் பிடித்து மறுபடியும் பயன்படுத்தலாம்.

இம்முறைகளை அமெரிக்கச் சுரங்கத் துறை 1973 முதல் சிறு ஆலைகளில் சோதித்தது. ஆயினும் பாக்சைட்டே மலிவாக இருக்கிறது. 1 டன் அலுமினாவுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் களிமண் வேண்டும். அமிலத்தை மீட்கும் எரிபொருட் செலவும் பெரிது. அன்றியும் இந்த அமிலம் இரும்புத் தொட்டியை அரித்துவிடும். அதனைத் தாங்க எஃகுத் தொட்டிகளின் உட்புறத்தில் ஒட்டப்படும் பொருள்களுள் ஒன்று, நாம் வெட்டும் மரத்தின் ரப்பரே.