லோகோவைக் கழற்றிப் பாருங்கள்

கலைவிழாவில் ஒரு பிராண்டுக்கு ஸ்பான்சர் அரங்கம் அமைக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. கிளையன்ட் முதலில் கேட்பது பெரும்பாலும் பெரிய லோகோவும் செல்ஃபி மூலையும்தான். தலையாட்டும் முன், உங்கள் வரைபடத்திலிருந்து லோகோவைக் கழற்றிப் பாருங்கள். மிச்சம் இருப்பதற்காக யாராவது வருவார்களா? ஆம் என்றால் வேலையைத் தொடங்கலாம்.

சரக்குக்கு வேலை கொடுங்கள்

ஏஷியன் பெயின்ட்ஸ், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையோடு சேர்ந்து டெல்லி லோதி காலனியிலும், 2020-இல் சென்னை கண்ணகி நகரிலும் சுவரோவியங்களுக்குத் துணை நின்றது. விற்பது பெயின்ட், சுவரில் இருப்பதும் பெயின்ட். விளக்கப் பலகை எதற்கு? உங்கள் கிளையன்ட் நூல் விற்றால் தறி போடுங்கள். இன்சூரன்ஸ் மாதிரி கையில் பிடிபடாத சரக்கா? வெயிலில் நடந்து வந்தவருக்கு நிழலும் தண்ணீரும் உட்கார இடமும் கொடுங்கள். அவர் மறக்க மாட்டார்.

விழாவின் குணமறிந்து வரையுங்கள்

1999-இல் தொடங்கிய மும்பை காலா கோடா விழா 9 நாள் நடப்பது, அனுமதி இலவசம். வழிப்போக்கரும் நுழைவார், பார்த்ததும் புரிய வேண்டும். கொச்சி முசிறிஸ் பினாலே மாதக்கணக்கில் நீளும். ஒரு வாரப் பந்தல் வேலை அங்கே கடற்கரைக் காற்றுக்குத் தாங்காது.

வரிசைக்குக் கணக்குப் போடுங்கள்

ஒருவருக்கு 4 நிமிடம், 3 இருக்கை என்றால் மணிக்கு 45 பேர். 6 மணி நேரத்தில் 270 பேர். கிளையன்ட் ஒரு நாளைக்கு 1000 பேர் கேட்டால் 12 இருக்கை வேண்டும். இந்தக் கணக்கை பட்ஜெட் கூட்டத்திலேயே காட்டிவிடுங்கள்.

கலைஞரிடம் எழுத்தில் பேசுங்கள்

“பேர் கிடைக்குமே” என்று சொல்லி இலவசமாக வரைய வைக்காதீர்கள். சம்பளம், பெயர் போடும் இடம், விளம்பரத்தில் படம் எத்தனை மாதம் வரும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, உரிமையை விற்ற பிறகும் படைப்பு தன்னுடையது என்று கோரவும், தன் மதிப்பு கெடும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் கலைஞருக்கு வழியுண்டு. ஓவியத்தின் மேலேயே லோகோவை ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை மீட்டிங்கோடு முடித்துவிடுங்கள்.

பிரிப்பதையும் திட்டமிடுங்கள்

விழா முடிந்ததும் தறி யாருக்கு, பெஞ்சு எந்தப் பள்ளிக்கு, பந்தல் துணி எங்கே என்பதை முதல் வரைபடத்திலேயே குறித்து வையுங்கள். கடைசி இரவு லாரியில் ஏறுவது முழுக்கக் குப்பை என்றால், நீங்கள் கட்டியது அரங்கம் இல்லை, விளம்பரத் தட்டிதான்.