தேர்வுக்கு முன் ஒரு தேர்வு



தமிழில் 'தேர்வு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. பள்ளியில் எழுதும் பரீட்சையும் தேர்வே. பலவற்றுள் நல்லதொன்றை ஆராய்ந்து எடுத்துக்கொள்ளுதலும் தேர்வே. முதலாவது தேர்வு ஆண்டிற்குச் சில முறையே வருவது. இரண்டாவது தேர்வோ நாள்தோறும் வருவது. விடியலில் எழுவதா, இன்னும் சிறிது உறங்குவதா? விளங்காத கணக்கை ஆசிரியரிடம் கேட்பதா, விளங்கியது போலத் தலையசைப்பதா? மாலைப் பொழுதைப் பாடத்திற்குத் தருவதா, கைப்பேசிக்குத் தருவதா? இவ்வாறு நாள்தோறும் நாம் எழுதும் விடைகளே ஆண்டிறுதித் தேர்வின் மதிப்பெண்களாக உருப்பெறுகின்றன.

உழைப்பின்றிக் கல்வி இல்லை. இதனை எவரும் மறுக்கார். ஆயினும் உழைப்பு என்பது வலிமை மிக்க எருதினை ஒத்தது. அதனை எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் ஏரில் பூட்டுவது என்று முடிவு செய்பவன் உழவன். நல்ல எருது இருந்தும் பருவம் தவறினால் விளைச்சல் இல்லை. பருவம் அறிந்தும் எருது இல்லையேல் உழவே இல்லை. உழைப்பும் நல்ல தேர்வும் இணைந்தே கல்வியில் வெற்றி தரும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பள்ளியை விட்டவர் கற்பதை விடவில்லை

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி அமைந்துள்ள இரமணாசிரமப் பகுதியை நம் வாசகர் பலர் அறிவர். வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டங்களில் வாழும் நம் குடும்பத்தார் மாவட்டத் தலைநகராகிய இவ்வூருக்கு அலுவல் கருதி வந்து செல்வதும் உண்டு. அப்பகுதியோடு தொடர்புடைய சிலரின் வாழ்க்கையைக் கல்வி நோக்கில் மட்டும் ஈண்டுக் காண்போம். சமயக் கொள்கை ஆராய்ச்சி நம் நோக்கமன்று.

திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்த வேங்கடராமன் என்னும் மாணவர் மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுவந்தார். 1896-ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், படிப்பை இடையில் நிறுத்தித் திருவண்ணாமலைக்கு வந்தார். இவரே பின்னாளில் இரமண மகரிஷி என அழைக்கப்பெற்றவர். "அவரே பள்ளியை விட்டுத்தானே சென்றார்? நாம் மட்டும் ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்கும் சிறுவர்கள் உளர். இவ்வினாவைப் புறந்தள்ளாமல் விடை கூறுதல் பெரியோர் கடமை.

அவர் பள்ளியை விட்டார், கற்பதை விடவில்லை. திருவண்ணாமலையில் தொடக்க ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தவர் பழனிசாமி என்னும் மலையாள நாட்டு அன்பர். அவ்வன்பர் தமிழ் நூல்களைக் கொணர்ந்து படிக்க முயல்வார். தாய்மொழி வேறாகையால் தட்டுத் தடுமாறியே படிப்பார். அவர் படும் துன்பத்தைக் கண்ட இரமணர், அந்நூல்களைத் தாமே வாங்கிப் படித்து, அவற்றின் பொருளை அவருக்கு எடுத்துரைத்தார். பிறர்க்கு விளக்குதற்பொருட்டுப் படித்ததால் அந்நூல்கள் அவருக்கும் உரியவாயின. காலப்போக்கில் தமிழோடு மலையாளம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றிலும் செய்யுள் இயற்றும் ஆற்றல் பெற்றார்.

இதில் மாணவர்க்கு ஓர் அரிய பாடம் உள்ளது. வகுப்பில் பின்தங்கிய தோழனுக்கு ஒரு பாடத்தை விளக்கிப் பாருங்கள். நமக்கு எது தெளிவாகத் தெரியும், எது மயக்கமாக இருக்கிறது என்பது அப்போதே வெளிப்பட்டுவிடும். தோழனுக்குச் செலவிட்ட அரை மணி நேரம் நமக்கு இழப்பன்று; அதுவே நம் மறுபயிற்சி.

கேட்டதை எழுதிய அம்மையார்

அதே ஆசிரமத்தோடு தொடர்புடைய மற்றொருவர் சூரி நாகம்மா என்னும் அம்மையார். ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் 1902-ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். அக்கால வழக்கப்படி சிறுமியாக இருந்தபோதே மணம் முடிக்கப்பெற்றுப் பன்னிரண்டாம் வயதிலேயே கணவரையும் இழந்தார். பள்ளி சென்று பயிலும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. வீட்டின் ஒரு மூலையே உலகம் என்று பலர் ஒடுங்கிவிட்ட அந்நிலையில், அவர் தம் முயற்சியாலேயே எழுதவும் படிக்கவும் கற்றார். தெலுங்கு இலக்கியங்களைப் பயின்றார். செய்யுள் இயற்றும் அளவிற்கு உயர்ந்தார்.

அவர் 1941-ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்தார். மாலைக்குப் பின் பெண்கள் ஆசிரமத்தினுள் தங்குதல் அக்காலத்தில் வழக்கமன்று. ஆகவே வெளியே ஓர் இல்லத்தில் தங்கி, பகலில் ஆசிரமக் கூடத்திற்குச் சென்று வந்தார். அங்குத் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் 1945-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தம் தமையனாருக்குத் தெலுங்கில் கடிதங்களாக எழுதிவந்தார். பின்னர் அக்கடிதங்கள் நூலாயின. தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பெற்றன. பள்ளி வாயிலையே காணாத ஒருவர் எழுதிய கடிதங்கள், அவ்வாண்டுகளின் ஆசிரம வாழ்வை அறிய விரும்புவோர் இன்றும் நாடும் சான்றாக விளங்குகின்றன.

அம்மையார் செய்தது யாது? கேட்டார், நினைவிற் கொணர்ந்தார், தம் சொற்களில் எழுதினார். இதனை இடைவிடாது பல ஆண்டுகள் செய்தார். நம் மாணவரோ பாடத்தைப் பத்து முறை படிப்பர். ஒரு முறையும் நூலை மூடிவைத்து எழுதிப் பாரார். எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மறதியைப் பற்றி 1885-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். கற்றது தொடக்கத்தில் மிக விரைவாக மறக்கிறது. பின்னர் மறதியின் வேகம் குறைகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே இன்று கேட்ட பாடத்தை இன்றிரவே நூலைப் பாராமல் ஒரு பக்கம் எழுதுக. சில நாள்கள் கழித்து மீண்டும் எழுதுக. தேர்வுக்கு முந்திய இரவு விழித்திருந்து படிக்கும் ஐந்து மணி நேரத்தினும், நாள்தோறும் செலவிடும் அரை மணி நேரம் நிலைத்து நிற்கும்.

தெரியாது என்று சொல்லத் துணிதல்

தனியே முயல்வது கல்வியின் ஒரு பாதி. அறிந்தவரை அணுகிக் கேட்டல் மற்றொரு பாதி. இதற்கு நம் சமுதாயம் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் உ. வே. சாமிநாதையர். 1880-ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களை ஐயர் வரிசையாகக் கூற, முதலியார் வியப்படையவில்லை. சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றே வினவினார். ஐயர் அவற்றை அதுவரை படித்திருக்கவில்லை.

கல்லூரி ஆசிரியர், பெரும்புலவரின் மாணாக்கர் என்னும் பெருமை அவரைத் தடுத்திருக்கலாம். அவரோ ஏட்டைக் கையிலெடுத்தார். சைன சமயக் கருத்துகளும் வழக்குச் சொற்களும் விளங்காத இடங்கள் பல வந்தன. சைவ மரபில் வளர்ந்த அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலிய சைன அன்பர்களைத் தேடிச் சென்று, மாணவராக அமர்ந்து கேட்டறிந்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-ஆம் ஆண்டு சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது.

ஆசிரியரான பின்னும் அவர் கேட்கக் கூசவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் கேட்பதற்குக் கூச வேண்டுமா? அவ்வாறே, கேட்டவர்க்கு முகமலர்ச்சியோடு விளக்கிய அந்தச் சைனக் குடும்பத்தாரையும் நாம் மறத்தலாகாது. நம் இல்லத்திற்கு அயல்வீட்டுப் பிள்ளை ஐயம் கேட்டு வந்தால் வரவேற்பது நமக்கு வழிவழி வந்த பண்பாகும்.

மதிப்பெண் ஒரு படி, அதுவே முடிவன்று

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் பல இல்லங்களில் அமைதி குலைகிறது. உறவினர் பிள்ளையோடு ஒப்பிடுதலும், "இவனுக்கு இனிப் படிப்பு வராது" என்று தீர்ப்பு வழங்குதலும் நிகழ்கின்றன. அத்தீர்ப்பை வழங்குவோர் அண்டை மாவட்டமாகிய விழுப்புரத்தை ஒரு கணம் நோக்குக.

விழுப்புரத்தில் இரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ப. வீரமுத்துவேல். அவ்வூர் இரயில்வே பள்ளியில் பயின்றார். பள்ளியில் தாம் நடுத்தர மாணவராகவே இருந்ததாக அவரே கூறியுள்ளார். பத்தாம் வகுப்பிற்குப் பின் இயந்திரவியலில் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். அங்கேதான் தமக்கு விருப்பமான துறை எது என்பது அவருக்குப் புலப்பட்டது. விருப்பம் பிறந்தபின் உழைப்பு பெருகியது. பட்டயத்திலிருந்து பொறியியல் பட்டம், பின்னர் திருச்சியில் முதுகலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் எனப் படிப்படியாக ஏறினார். சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநராக அவர் பணியாற்றியபோது, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் அக்கலம் நிலவின் தென்துருவத்தை அண்டிய பகுதியில் மெல்லத் தரையிறங்கியது.

அதற்கு முன் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்கும் முயற்சி தோல்வியுற்றதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அறிஞர்கள் தோல்வியை மறைக்கவில்லை. எங்கே பிழை நேர்ந்தது என்று ஆராய்ந்து திருத்தினர். திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைக்கும் மாணவன் இதனைச் சிந்திக்க வேண்டும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, 'படிக்கவில்லை', 'படித்தும் மறந்தேன்', 'அவசரத்தில் பிழைத்தேன்' என மூன்றில் ஒன்றைக் குறித்துக்கொள்க. முதலாவதற்கு மருந்து உழைப்பு, இரண்டாவதற்கு மறுபயிற்சி, மூன்றாவதற்கு நிதானம். நோய் அறியாமல் மருந்து உண்பதால் பயன் இல்லை.

பௌர்ணமியும் பாடத்திட்டமும்

மீண்டும் இரமணாசிரமப் பகுதிக்கு வருவோம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் திரள்கிறது. சாலையோரம் கடை வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அவ்விரவில் பெற்றோர்க்குத் துணைநிற்க நேரிடுகிறது. கார்த்திகைத் தீபப் பெருவிழாவோ பத்து நாள் நடைபெறுவது; பெரும்பாலும் அதனை அடுத்தே டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வருகிறது. இச்சூழலில் எவ்வாறு படிப்பது?

பௌர்ணமி திடீரென வருவதன்று. ஆண்டு முழுமைக்கும் நாள்காட்டியில் முன்னரே குறிக்கப்பட்டிருப்பது. ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்நாள்களைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்திய மூன்று நாள்களில் கூடுதலாக அரை மணி நேரம் படிக்கும் மாணவன் எதையும் இழப்பதில்லை. பெற்றோர்க்கு உதவிய நிறைவும் அவனுக்கு உண்டு. நம் ஊர்களில் அறுவடையும் திருமணமும் விழாவும் இவ்வாறே முன்னறிந்து வருவன. இடையூறு இல்லாத நாளுக்காகக் காத்திருப்பவன் படிக்கப் போவதில்லை. இடையூற்றை எண்ணித் திட்டமிடுபவனே படிக்கிறான். நாள்தோறும் ஒரு மணி நேரம் என்றால் இருநூறு பள்ளி நாள்களில் இருநூறு மணி நேரம் சேர்ந்துவிடும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

நல்ல தேர்வு மாணவர்க்கு மட்டும் உரியதன்று. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையை வீட்டில் இருத்துவதா, அவ்வாண்டே நடைபெறும் துணைத் தேர்வை எழுதச் செய்வதா என்பது பெற்றோர் கையில் உள்ள தேர்வு. துணைத் தேர்வில் வென்றால் ஆண்டு வீணாவதில்லை. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதை உறவினரின் பெருமை கருதி முடிவு செய்தலும் தகாது. பிள்ளையின் விருப்பமும் ஆற்றலும் கருதி, ஆசிரியரையும் கலந்து முடிவு செய்க.

பெண் பிள்ளைகளைப் பள்ளியிறுதியோடு நிறுத்தும் எண்ணம் சில இல்லங்களில் இன்னும் நீங்கவில்லை. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர் உயர்கல்வி தொடர, மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கியது. தொகை சிறிதாயினும், மகளின் படிப்பு குடும்பத்திற்குச் சுமையன்று என்னும் கருத்தை அது ஊன்றியது. பள்ளியே கிட்டாத நாகம்மா தம் முயற்சியால் அவ்வளவு உயர்ந்தார் எனில், வாயிலருகே பள்ளி இருக்கும் நம் பெண்மக்கள் எவ்வளவு உயர இயலும்! அவ்வாயிலை நாமே அடைத்துவிடல் அறமாகுமா?

மாணவச் செல்வங்களே! நாளை காலை கண்விழித்ததும் உங்கள் முன் முதல் வினாத்தாள் விரிகிறது. அதற்குக் கண்காணிப்பாளர் இல்லை. மதிப்பெண் இடுவாரும் இல்லை. எனினும் அதில் நீங்கள் எழுதும் விடையே உங்கள் எதிர்காலத்தைத் தீட்டுகிறது. உழைப்பை விரும்புங்கள், தேர்ந்து உழையுங்கள், வெற்றி உங்களை நாடி வரும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. சென்ற வாரம் விளங்காதிருந்தும் ஆசிரியரிடம் கேளாமல் விட்ட பாடம் எது? அதனை யாரிடம், என்று கேட்கப் போகிறீர்கள்?

2. அண்மைத் தேர்வில் இழந்த மதிப்பெண்களுள் எத்தனை படிக்காமையால், எத்தனை மறதியால், எத்தனை அவசரத்தால் இழந்தவை?

3. வரும் மூன்று மாதங்களில் உங்கள் படிப்பிற்கு இடையூறாக வரக்கூடிய நாள்கள் எவை? அவற்றை ஈடுசெய்ய எந்நாள்களில் கூடுதலாகப் படிப்பீர்கள்?

4. பெற்றோர்க்கு: இம்மாதத்தில் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசிய பொழுது எவ்வளவு? அவர் கற்ற பாடத்தை அமர்ந்து கேட்ட பொழுது எவ்வளவு?