வீட்டுக் கணிப்பொறியில் ஒரு வலைத்தளம்

பிழைப்புக்காகப் பல ஊர்களில் பிரிந்து வாழும் நம் குடும்பங்களில் பழைய புகைப்படங்கள், தாத்தாவின் கடிதங்கள், குழந்தைகள் எழுதிய கதைகள் என்று எத்தனையோ சேர்ந்திருக்கின்றன. இவற்றை நம் வீட்டுக் கணிப்பொறி ஒன்றிலேயே வைத்து, வெளியூரில் இருப்போரும் பார்க்கும்படி செய்யலாம். கேட்டவுடன் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கணிப்பொறிக்கு வலைச் சர்வர் என்று பெயர். உலகின் முதல் வலைச் சர்வரும் 1990-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய ஒரு நெக்ஸ்ட் கணிப்பொறிதான்.

பெரிய செலவு இல்லை. சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினி போதும். அல்லது ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணிப்பொறியை வாங்கலாம். அது சுமார் 5 வாட் எடுப்பதாகக் கொண்டால், இரவு பகலாக ஓடினாலும் மாதம் 3.6 யூனிட்தான். அதில் லினக்ஸை ஏற்றி, என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளை நிறுவுங்கள். எல்லாமே இலவசம்.

ஆனால் எதையும் வாங்குமுன் ஒன்றைச் சோதிக்க வேண்டும்: வெளியிலிருந்து வருவோர் கண்டுபிடிக்கும்படி உங்கள் வீட்டுக்குத் தனி முகவரி உண்டா?

இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்களே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதை ரயில்வே பாஷையில் சொன்னால், டைம்டேபிளில் பெயரில்லாத சைடிங் போன்றது நம் வீடு. அங்கிருந்து வண்டி புறப்பட்டு எங்கும் போகலாம். அங்கே வர யாரும் டிக்கெட் எடுக்க முடியாது.

சோதனை எளிது. ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, 'வான்' முகவரி என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஐ.பி. முகவரியைக் காட்டும் வெளித்தளம் ஒன்றைப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் பெரும்பாலும் தனி முகவரிதான். வேறுபட்டால், குறிப்பாக ரவுட்டரில் உள்ள எண் 10-இல் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரை இருந்தாலோ, அது பகிர்ந்த முகவரி. அப்போது கூடுதல் கட்டணத்தில் நிலையான முகவரி தருவார்களா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். தராவிட்டால் 'டனல்' முறை உண்டு: நம் சர்வரே வெளியிலுள்ள ஒரு கணிப்பொறியோடு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும், பார்ப்போர் அதன் வழியாக வருவார்கள்.

தனி முகவரி இருந்தால் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்.

1. ரவுட்டரில் சர்வருக்கு மாறாத உள் முகவரி ஒதுக்குங்கள். வீட்டுக்குள் வேறொரு போனில் பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள்.

2. சர்வருக்கு வலுவான கடவுச்சொல் வையுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

3. வீட்டு முகவரி அவ்வப்போது மாறக்கூடும். மாறும் எண்ணைப் பின்தொடரும் 'டைனமிக் டி.என்.எஸ்.' சேவையில் ஒரு பெயர் வாங்குங்கள்.

4. ரவுட்டரில் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்களை மட்டும் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். முகவரி ஸ்டேஷன் என்றால் போர்ட் என்பது பிளாட்பாரம் எண்.

5. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பிடம் இலவசச் சான்றிதழ் பெற்று, பக்கம் பூட்டிய வழியில் போகும்படி செய்யுங்கள்.

6. போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டு வைஃபையில் சோதித்தால் சில ரவுட்டர்கள் தவறான முடிவைக் காட்டும்.

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். இன்டர்லாக் செய்த லெவல் கிராஸிங்கில் கேட் மூடிப் பூட்டிய பிறகே வண்டிக்குச் சிக்னல் கிடைக்கும். இங்கும் பூட்டு முதலில், போர்ட் பிறகு. திறந்த போர்ட்களைத் தேடும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. கதவு திறந்த சிறிது நேரத்திலேயே வந்து தட்டும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை வெளியே ஒருபோதும் திறக்காதீர்கள். வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் உள்ள கணிப்பொறியைச் சர்வராக்காதீர்கள்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சங்கத்தின் பழைய மலர்களை எல்லோரும் பார்க்கலாம். பேத்தியின் புகைப்படத்தை எல்லோரும் பார்க்க வேண்டுமா? குடும்பத்துக்கு மட்டும் உரியவற்றைப் பொதுப் பக்கத்தில் போடாமல், வயர்கார்டு போன்ற தனி வழியில் உறவினர் போன்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். எதுவானாலும் இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வையுங்கள்; வட்டு கெட்டால் தாத்தாவின் கடிதம் திரும்ப வராது.

சில நிறுவனங்கள் வீட்டு இணைப்பில் சர்வர் நடத்த அனுமதிப்பதில்லை, விதிகளைப் படித்துவிடுங்கள். மாற்றலாகி வேறு ஊருக்குப் போனால், முகவரிச் சோதனையை அங்கே மறுபடி செய்ய வேண்டும். ஆனால் வாங்கிய பெயர் மாறாது. உறவினர் அதே பெயரைத் தட்டினால் போதும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு ஒரு விடுமுறையில் முயன்று பாருங்கள். அவர்கள் இணையம் இயங்கும் விதத்தைக் கற்பார்கள். நீங்கள் அந்தக் கடிதங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று அவர்களுக்குச் சொல்லலாம்.