அரபுக் குதிரைப் பண்ணையில் சேரும் இளைஞருக்கு

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மாவட்டங்கள் அல்ல. நடுவே திருச்சூரும் எர்ணாகுளமும் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைப்பது தமிழ்நாட்டு எல்லைதான். கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, பிறகு சின்னாறு தாண்டி மறையூர், மூணாறு என்று போகும் பாதையில் ஒரே நாளில் மூன்று நான்கு தட்பவெப்பங்களைக் கடந்துவிடலாம். பாலக்காட்டுக் கணவாயில் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. மார்கழி, தையில் அதே கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று ஓயாமல் அடிக்கிறது. மறையூரும் சின்னாறும் மழைமறைவில் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே மூணாற்றில் தை மாதத்தில் புல்நுனியில் உறைபனி படிகிறது. இந்த எல்லைப் பகுதியில் அரபுக் குதிரை வளர்க்கும் பண்ணையில் சேருகிற இளைஞர் எவருக்கும், அங்கே ஓர் ஆண்டு எப்படி நகர்கிறது என்பதைச் சொல்வதே இந்தக் கடிதம்.

அரபுக் குதிரை உயரத்தில் பெரியதல்ல. பெரும்பாலும் 14.1 முதல் 15.1 கை உயரம், 400 கிலோ அளவு எடை. உள்வளைந்த முகம், அகன்ற மூக்குத்துளை, வெள்ளை மயிருக்கு அடியிலும் கருத்திருக்கும் தோல், ஓடும்போது உயர்ந்து நிற்கும் வால் ஆகியவை அதன் அடையாளங்கள். வறண்ட வெப்பத்தை அது நன்றாகத் தாங்கும். அதற்குச் சிரமம் தருவது ஈரம் கலந்த வெப்பம். வியர்வை உலராத காற்றில் மாதக்கணக்கில் வாழும் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடுகிறது. நிழலில் நிற்கும்போதும் மூச்சு வாங்கும், தோல் காய்ந்து சொரசொரக்கும், உடல்சூடு இறங்காது. பழைய சென்னையிலும் கல்கத்தாவிலும் வெளிநாட்டுக் குதிரைகளுக்கு வந்த நோய் இதுவே. எனவே வெப்பமானியைப் பயன்படுத்துவதுதான் புதியவர் கற்கவேண்டிய முதல் வேலை. 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. ஒவ்வொரு குதிரையின் எண்ணையும் காலையில் குறித்து வைத்தால், அதற்கு உடம்பு சரியில்லாத நாள் தானாகத் தெரியும்.

தென்னாட்டுக்கு அரபுக் குதிரை புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு 2,000-க்கு மேல் குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதினார். லாடம் கட்டத் தெரிந்தவர்கள் அங்கே போய்விடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்களாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார். வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து அவற்றைக் கெடுத்ததையும் சொல்கிறார். மார்க்கோ போலோவின் குறிப்பில் சோறும் இறைச்சியும் வருகின்றன. சிறந்த ஆணையும் சிறந்த பெட்டையையும் சேர்த்தாலும் கால் கோணிய குட்டியே பிறந்தது என்றும் அவர் எழுதினார். பழி பெரும்பாலும் இந்த நாட்டுத் தட்பவெப்பத்தின் மேல் விழுந்தது. இன்றைய உணவியல் அறிவோடு படித்தால் சந்தேகம் விழ வேண்டிய இடம் தீவனத் தொட்டி. அரிசியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வளரும் எலும்பு இதைத் தாங்காது. இந்தப் பகுதியில் குதிரை வளர்ப்பு நிலைப்பதும் அழிவதும் இந்த ஒரு கணக்கில்தான்.

அந்த ஆபத்து இன்னும் போகவில்லை. வேறு உருவில் இருக்கிறது. இரண்டு மாவட்டங்களும் மாட்டுக்குப் பேர் போனவை. 1963-இல் இடுக்கியின் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டமும், பாலக்காட்டில் தோணிப் பண்ணையும் இந்த வட்டாரத்துக்குக் கலப்பினப் பசுவையும் தீவனப்புல்லையும் கொண்டுவந்தன. அதனால் எங்கும் கிடைப்பது கோ-4 போன்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். பசுவுக்கு அது நல்ல தீவனம். குதிரைக்கு அதை மட்டும் போட்டால் கேடு. அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரையின் செரிமானத்தில் அந்த வேலை நடப்பது பெருங்குடலில்; கால்சியம் உறிஞ்சப்படும் சிறுகுடலை அதற்குள் தீவனம் தாண்டிவிடுகிறது. குறையை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கிறது. இதற்கு மேல் தவிடும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது: அரிசித் தவிட்டில் ஒரு பங்கு கால்சியத்துக்குப் பத்துப் பங்குக்கும் மேல் பாஸ்பரஸ். நெல் விளையும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் மலிவாகக் கிடைப்பதும் அதே தவிடுதான்.

முதலில் தெரிவது நொண்டல். இன்று ஒரு கால், அடுத்த வாரம் வேறு கால். லாடம் சரியில்லை என்று நினைத்து லாடம் மாற்றுவார்கள். சில மாதங்களில் கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பின் மேட்டுக்கு மேலே முகம் இருபுறமும் உப்பும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் கூர்மையாக இருக்க வேண்டிய எலும்பு விளிம்பு மழுங்கித் தடித்திருப்பது விரலுக்குத் தெரியும். பிறகு கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கி, குதிரை மென்ற புல்லைப் பாதியில் உமிழும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு குதிரையின் முகத்தையும் இப்படித் தடவிப் பார்க்கும் பழக்கம் புதியவருக்கு வந்துவிட்டால், நோயை நொண்டல் நிலையிலேயே பிடித்துவிடலாம்.

தடுக்கும் வழி எளிது. மொத்தத் தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரசும் ஒன்றரைக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். குதிரைமசால், வேலிமசால், காய்ந்த கடலைக்கொடி மூன்றிலும் கால்சியம் நிறைய. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கடலைக்கொடி அறுவடைக் காலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூஞ்சணம் பிடித்த கட்டு ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது. 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்பொருள் தேவை. பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், கோ-4 கட்டு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். கொள்ளை ஊறவைத்து வேகவைத்தே போட வேண்டும். பச்சையாக நிற்கும் சோளப்பயிர் குதிரைக்கு ஆகாது: சிறுநீர்ப்பை கெடும், பின்னங்கால் தளரும், சினைப்பெட்டையின் வயிற்றுக் குட்டிக்கு மூட்டு இறுகிப்போகலாம். வேலியோரச் சூபாபுல் தழையைத் தொடர்ந்து தின்றால் பிடரியும் வாலும் கொட்டிவிடும். முதலமடைப் பக்கம் மாந்தோப்பில் மேய விடுவதானால், எப்போது மருந்து அடித்தார்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் ஒரு நாளும் விடலாகாது.

இனச்சேர்க்கைக்கு வருவோம். பெட்டை பருவத்துக்கு வருவதைத் தீர்மானிப்பது பகலின் நீளம். போலந்தில் 1817-இல் தொடங்கிய யானூவ் போட்லாஸ்கி என்ற புகழ்பெற்ற அரபுப் பண்ணையில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் சுமார் ஒன்பது மணி நேர வேறுபாடு. பாலக்காட்டில் அது ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்டாது. அதனால் இங்கே பெட்டைகள் ஆண்டின் பெரும்பகுதி பருவத்துக்கு வரக்கூடும். உடல்நிலையும் தீவனமும் அதிகம் பேசுகின்றன. ஐரோப்பிய நூல்கள் சொல்லும் மாதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சுழற்சி ஏறக்குறைய 21 நாள், அதில் பருவம் 5 முதல் 7 நாள். சினைக்காலம் சராசரி 340 நாள் என்பதால் தை, மாசியில் சேர்த்தால் மார்கழி, தையில் குட்டி. காய்ந்த தரையில் பிறந்து ஐந்து மாதம் ஓடியாடிய குட்டிதான் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையைத் தாங்கும். இந்தப் பகுதிக்கு அதுவே நல்ல கணக்கு.

எந்த ஆணோடு சேர்ப்பது என்பதில் அழகுக்கு முன் பார்க்க வேண்டியது பரம்பரை நோய். அரபு இனத்தில் நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. பிறந்தபோது அவை நன்றாகவே இருக்கும். தாய்ப்பாலில் வந்த பாதுகாப்பு குறைந்ததும் ஒன்று, இரண்டு மாதத்தில் சளியும் காய்ச்சலும் தொடங்கி, ஐந்து மாதத்துக்குள் இறந்துவிடும். சிறுமூளை சிதையும் நோயும் அந்த இனத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் மரபணுச் சோதனை உண்டு. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். நோயின் மரபணுவைச் சுமக்கும் ஆணும் பெட்டையும் வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாதவை. அவற்றைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும் வாய்ப்பு. சோதிக்காமல் சேர்ப்பது குட்டிக்குச் செய்யும் கொடுமை.

ஈற்றுக்குச் சில நாள் முன்பு மடி நிறையும். காம்பின் நுனியில் தேன்மெழுகு போல ஒரு துளி உறையும். பெரும்பாலும் நள்ளிரவில்தான் ஈனும். பனிக்குடம் உடைந்ததிலிருந்து அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். முதலில் தெரிய வேண்டியது வெண்மையான பனிக்குட உறை. அதற்குள் ஒரு குளம்பு முன்னும் மற்றொன்று சற்றுப் பின்னும், அதன்மேல் மூக்கும். வெண்மைக்குப் பதிலாகச் சிவந்த வெல்வெட்டுப் போன்ற பை வெளியே வந்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே கழன்றுவிட்டது, குட்டிக்கு உயிர்க்காற்று நின்றுவிட்டது என்று பொருள். மருத்துவர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அந்தப் பையை உடனே கிழித்துக் குட்டியை எடுக்க வேண்டும். இதை இரவுக் காவலுக்கு நிற்பவர் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்கும், மூன்று மணி நேரத்துக்குள் தாயின் நஞ்சுக்கொடி விழும். மூன்றில் எது தவறினாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். விழுந்த கொடியைத் தரையில் விரித்து இரு கொம்புகளும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். உள்ளே தங்கிய ஒரு துண்டு தாயின் உயிரையே எடுக்கும். பிறந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அதிலுள்ள எதிர்ப்புப் பொருளை ஏற்காது. தொப்புளை நீர்த்த குளோர்ஹெக்சிடின் கரைசலில் நனைப்பதும் முதல் நாள் வேலை.

கோடையில் வேலை அதிகாலைக்கும் மாலைக்கும் நகர்ந்துவிடும். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குத் தண்ணீர் 50 லிட்டர் வரைகூடத் தேவைப்படும், கூடவே உப்பு. பக்கத்துத் தத்தமங்கலத்தில் அங்காடி வேலா திருவிழாவுக்குக் குதிரையோட்டம் நடப்பதால், ஓட்டத்துக்குக் குதிரை கேட்டு ஆட்கள் வருவதுண்டு. அந்த வெயிலில், கூட்டத்தில், தார்ச்சாலையில் ஓட அரபு இனப்பெருக்கக் குதிரை எதையும் கொடுக்கக் கூடாது. கேட்பவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் பதில் அதுவே.

மழைக்காலத்தின் முதல் எதிரி குளம்பழுகல். குளம்பின் அடியில் நடுவில் இருக்கும் முக்கோணப் பகுதியின் இருபுறப் பள்ளங்களையும் தினமும் கொக்கியால் சுரண்டி முகர்ந்து பார்க்க வேண்டும். கரிய கசிவும் அழுகல் வாடையும் தெரிந்தால் அன்றே லாயத்தின் தரையைக் காயவைக்கும் வேலை தொடங்க வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான். முதுகில் மயிர் கொத்துக்கொத்தாகப் பொருக்குத் தட்டினால் அது நனைந்த தோலில் வரும் தொற்று. தேங்கிய நீரோரம் பெருகும் குதிரை ஈ சர்ரா நோயைப் பரப்புகிறது: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வயிற்றடியிலும் காலிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் இளைப்பு. காய்ச்சல் உச்சத்தில் எடுத்த ரத்தத்தில்தான் கிருமி எளிதில் தெரியும். இங்கும் காலை நேரத்து எண்கள் கைகொடுக்கும்.

ஆடியில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தை. தமிழகத்தின் பெரிய குதிரைச் சந்தை அது. கத்தியவாரி, மார்வாரி, நாட்டுக் குதிரை எல்லாம் வரும். புதியவர் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே விலை பேசுவதில் சுழிக்குப் பெரிய இடம். நல்ல சுழி, கெட்ட சுழி என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை, வாங்குகிறவர்கள் அதை நம்புகிறார்கள். ஆனால் குதிரையைச் சுமப்பது முழங்காலும் கணைக்காலும் குளம்பும். கட்டாந்தரையில் நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்ப்பவருக்கே குதிரை தெரியும். வெள்ளகவி, போடிக்கு மேலுள்ள ஊர்கள் போன்ற மலைக்கிராமங்களுக்குச் சுமை ஏற்றிய மட்டக்குதிரைக்காரர்கள் இதில் பெரிய ஆசான்கள். செங்குத்துப் பாதையில் எந்தக் கால் நிற்கும் என்று அவர்கள் பார்வையிலேயே சொல்வார்கள்.

சந்தைக்குப் போய்வந்த குதிரையும் புதிதாக வாங்கிய குதிரையும் மூன்று வாரம் தனிக்கொட்டகையில், தனி வாளி, தனித் துலக்குக்கட்டையோடு நிற்க வேண்டும். 2008-இல் ஜம்முவின் காட்ராவில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் பல மாநிலங்களுக்குப் பரவியது இடம்பெயர்ந்த விலங்குகளால்தான். கிளாண்டர்ஸ் அதைவிடக் கொடியது, மனிதருக்கும் தொற்றும். 1899-லேயே தனிச்சட்டம் போடப்பட்ட நோய் அது. இன்று 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அறிவிக்க வேண்டியது. உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. ரத்தச் சோதனை முடிவும் நலச்சான்றும் இல்லாமல் எல்லை தாண்டி வரும் குதிரையை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஆறு மாதக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் காலம் ஆனி, ஆடி மழையில் வந்து விழுகிறது. காய்ந்த கொட்டகை இல்லாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். பிரிப்பதற்கு முன்பே குட்டி தாதுஉப்புக் கலந்த அடர்தீவனத்தைத் தனித்தொட்டியில் தின்னப் பழகியிருக்க வேண்டும். ஒரே வயதுக் குட்டி இரண்டைச் சேர்த்தே விட வேண்டும். ரண ஜன்னித் தடுப்பூசி, சாணச் சோதனையில் முட்டை எண்ணிக்கை பார்த்துக் குடற்புழு மருந்து, மாதம் ஒருமுறை குளம்பு சீவல் என்று நோட்டில் அடுத்தடுத்த வரிகள் நிரம்பும். கோணத் தொடங்கும் காலை முதல் சில மாதங்களில் குளம்பு சீவியே நேர்செய்யலாம், பிறகு முடியாது. மருத்துவருக்குத் திருச்சூரின் மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில் இருக்கிறது; தமிழ்நாட்டுப் பக்கம் 2020-இல் தொடங்கிய உடுமலை, தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் எட்டும் தூரம்தான். குட்டியின் தாய், தந்தை, பிறந்த நாள், நிறம், சுழி, மைக்ரோசிப் எண், மரபணுச் சோதனை முடிவு ஆகியவற்றைப் பிரிக்கும் நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அதே வாரத்தில், மீண்டும் சினையாக இருக்கும் தாய்க்கு ஆறாம் மாதம் நடக்கும். அவள் தீவனத்தில் கால்சியக் கணக்கைத் திருத்தி எழுதும் வேலை அப்போது தொடங்குகிறது.